தம்பி மட்டும் மங்கல்

ஞானதிரவியம் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்தது. செண்பகா சுவரில் காட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை தடுமாறாமல் வாசித்தார். மருந்துப் பெட்டியின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தையும் வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே, சாலையின் கோடியில் திரும்பிய பேருந்தின் ஊர்ப்பெயரைக்கூடச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு ஆள். அவருடைய சொந்தத் தம்பி.

"விளையாட்டுக்குச் சொல்லலம்மா," என்றார். "நேத்து கடைக்கு வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னிருக்கான். எனக்கு இட்லிக் கொப்பரை ஆவிக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது."

செண்பகா தூத்துக்குடியில் கண் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். நிலையம் என்று பெயர்தானே தவிர, தானாடி என்ற புதுக் கண்ணாடி வந்த பிறகு பரிசோதனைக்கு அதிக வேலை இருக்கவில்லை. பவர் என்று ஒன்று இல்லாத கண்ணாடி அது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே மணல்துகள் அளவில் ஆயிரக்கணக்கான திரவக் குமிழ்கள். போட்டவர் எதைப் பார்க்கிறாரோ அதற்குத் தக்கபடி அந்தக் குமிழ்கள் நொடியில் வளைந்து கொடுக்கும். புத்தகத்தைப் பார்த்தால் புத்தகம் தெளியும், நிமிர்ந்தால் தெரு தெளியும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, எழுத்து இரண்டாகத் தெரிவது, நாற்பது தாண்டினால் வருகிற வெள்ளெழுத்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கண்ணாடிதான். செண்பகாவின் வேலை மூக்குக்கும் காதுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது. அவளே அதைத்தான் போட்டிருந்தாள்.

அண்ணாச்சி அதை வாங்கிய கதை ஊருக்கே தெரியும். அவரும் தம்பி ஆசீரும் சேர்ந்து மின்சார ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்கள். ஆசீருக்குச் சின்ன வயதிலேயே கிட்டப்பார்வை. தடிக் கண்ணாடி போட்டிருந்த தம்பியை அண்ணன் சோடாபுட்டி என்று கூப்பிட்டே வளர்த்தார். தன் கண்ணைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. ஐம்பது நெருங்கியதும் அந்தக் கண் மெல்லக் கைவிட்டது. பேட்டரியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடி போடச் சொன்னால் வெளிச்சம் சரியில்லை என்பார். ஒரு நாள் வயரை இடம் மாற்றி மாட்டிவிட்டார், கடையெல்லாம் புகை. வந்திருந்தவர்கள் முன்னால் ஆசீர், அண்ணனுக்குக் கண்ணு தெரியல, இனிமே எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க என்று சொல்லிவிட்டான். பயத்தில் வாயில் வந்த வார்த்தைதான். ஆனால் சொன்னது சோடாபுட்டி. அண்ணாச்சியால் அதைத் தாங்க முடியவில்லை.

கடை இரண்டாயிற்று. தம்பி எதிர்ச்சாரியில் புதுக்கடை திறந்தான். யாருக்குக் கண் தெரியவில்லை பார்க்கலாம் என்று அண்ணாச்சி ஊரிலேயே முதல் ஆளாகத் தானாடி வாங்கினார். அடுத்த வாரமே தம்பியும் வாங்கினான். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இரண்டு பேரும் தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படியோ அடங்கிப்போனார்கள். ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது ஆசீரின் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். பெரியப்பா இல்லாமல் கல்யாணம் நடத்த முடியாது என்று சொல்லி, ஆசீர் வீறாப்பை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியாகத் தெருவைக் கடந்து வந்திருக்கிறான். வந்தவன் முதலில் பேச மனமில்லாமல் பத்திரிகையை மட்டும் நீட்டியிருக்கிறான். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, நோட்டீஸா, அங்க வச்சிட்டுப் போங்க என்று சொல்லி மறுபடியும் வேலையில் குனிந்துவிட்டார். சாயங்காலம் கடையைக் கூட்டும்போதுதான் அது கல்யாணப் பத்திரிகை என்று தெரிந்தது. அதற்குள் ஆசீர் தெருவில் நாலு பேரிடம், கல்யாணத்தில் அண்ணன் என்று ஒருத்தருக்கு நாற்காலி கிடையாது என்று சொல்லியாயிற்று.

"மூளையில ஏதும் கோளாறாம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பாக்கியசீலி, அதெல்லாம் ஒன்றும் இருக்காது, தூக்கமில்லாத குறைதான், வீட்டுக்குப் போவோம் என்று நாலாவது தடவையாகச் சொன்னாள்.

செண்பகா அவருடைய போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மகன் தெரிந்தான். மனைவி தெரிந்தாள். பாதிரியார் தெரிந்தார். ஆசீரின் படத்தைக் காட்டியதும் அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். சட்டை, முகம் எல்லாம் நனைந்த தாளில் மை இறங்கினதுபோல் இருக்கிறது என்றார். அவள் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். துறைமுகத்தின் முன்னால் இரண்டு சிறுவர்கள், ஒருவன் மூக்கில் தடிக் கண்ணாடி. அது நன்றாகவே தெரிந்தது. அவர் சிரித்தார். "இந்தா நிக்கான்லா சோடாபுட்டி."

செண்பகா அவருடைய தானாடியைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்து சோதனைச் சட்டத்தை எடுத்து மூக்கில் மாட்டினாள். சாதாரணக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகி, இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா என்று கேட்டாள். அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கொஞ்சம் தூரப்பார்வை, படுக்கைக் கோடுகள் லேசாகக் கலைகிற குறை, கிட்டத்துக்கு வெள்ளெழுத்து. அந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான். மூன்றையும் சரிசெய்துவிட்டுத் தம்பியின் படத்தை மறுபடி காட்டினாள். படம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணில் கோளாறு இல்லை, கண்ணாடியில்தான்.

தானாடி கம்பெனிக்குப் போன் செய்தாள். சென்னை அலுவலகத்திலிருந்து நிரஞ்சன் என்ற இளைஞன் பேசினான். மரியாதையான பையன். கண்ணாடியின் எண்ணைக் கேட்டு, திரையில் பார்த்து, எந்தக் கோளாறும் இல்லை, மிக நன்றாக வேலை செய்கிறது என்றான்.

"தம்பி முகம் தெரியலங்கார். நல்லா வேலை செய்யுதுன்னா எப்படி?"

"மேடம், அதுல இதம்னு ஒரு வசதி இருக்கு. ரோட்டுல கண்ணைக் குத்தற விளம்பரப் பலகை, எதிர்வண்டி லைட்டு, அதுக்காக வச்சது. எதைப் பார்த்தா நாடி எகிறுதோ அதைக் கண்ணாடி கொஞ்சம் மென்மையாக்கும். இவருக்கு அது முழு அளவுல இருந்திருக்கு. தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் நாடி எகிறியிருக்கு. மங்கலாக்கினதும் இறங்கியிருக்கு. சரி, இதுதான் இவருக்கு நல்லதுன்னு கண்ணாடி கத்துக்கிச்சு."

"அதுவா முடிவு பண்ணிக்கிடுமா?"

"நீங்க லென்ஸ் மாத்தும்போது என்ன கேப்பீங்க? இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கான்னுதானே? இதுவும் அதையேதான் கேக்குது. நீங்க வாயைக் கேக்கறீங்க. அது நாடியைக் கேக்குது. நாடி பொய் சொல்லாது, மேடம்."

தானாடி போட்ட ஊர்களில் தெருச்சண்டை குறைந்திருக்கிறது, ரத்த அழுத்த மாத்திரைகூடக் குறைந்திருக்கிறது என்றும் அவன் சொன்னான். செண்பகாவுக்கு உடனே பதில் தோன்றவில்லை. அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவன் வேறொன்றைச் சொன்னான். இந்த வசதி எல்லாக் கண்ணாடியிலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் தானாக முழு அளவுக்குப் போகாது. யாராவது ஏற்றி வைத்தால்தான் உண்டு. இவருடையதை அவர் மனைவியின் போனிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். போன மாதம் அதே போனிலிருந்து இறக்கியும் இருக்கிறார்கள். ஆனால் கத்துக்கொண்டதைக் கண்ணாடி விடவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்தாலும், அண்ணாச்சியின் கோபம் இருக்கிற வரை அது மறுபடியும் அதையேதான் கத்துக்கொள்ளும்.

செண்பகா போனை வைத்துவிட்டு பாக்கியசீலியைப் பார்த்தாள். பாக்கியசீலி தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவளை உள் அறைக்குக் கூட்டிப் போய்க் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. தினமும் தெருவில் சத்தம். இவருக்கு ரத்த அழுத்தம் ஏறி ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அங்கே பார்க்க வந்த ஆசீரின் மனைவி ரோஸ்லினும் அழுதாள், இவளும் அழுதாள். இரண்டு ஓரகத்திகளுக்கும் நடுவில் ஒரு நாளும் மனஸ்தாபம் கிடையாது. கண்ணாடியின் கட்டுப்பாடு இருவர் வீட்டிலும் பெண்கள் போனில்தான் இருந்தது, ஆண்களுக்கு அதில் பொறுமை இல்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சேர்ந்தே ஏற்றி வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டாள் செண்பகா.

"ரெண்டு பேருக்கும்தான். ஒருத்தருக்கு மட்டும் வச்சா நியாயமா இருக்காதுல்லாம்மா." பாக்கியசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வீடு அமைதியாச்சு. இவாளும் நல்லா சாப்பிட்டாவ, நல்லா தூங்கினாவ. புள்ளைக்குக் கல்யாணம் கூடி வந்ததும் எடுத்துருவோம்னு பாத்தோம். எடுத்தா போவ மாட்டேங்குது."

ஆக, பத்திரிகை கொண்டு வந்த ஆசீருக்கும் அண்ணன் மங்கல்தான். கடையையும் நாற்காலியையும் வைத்துத்தான் அது அண்ணன் என்று தெரிந்துகொண்டு பத்திரிகையை நீட்டியிருக்கிறான். இரண்டு புகை மூட்டங்கள் எதிரெதிரே நின்று கோபித்துக்கொண்டு பிரிந்திருக்கின்றன. செண்பகாவுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்ததும் அடங்கிவிட்டது.

சாதாரணக் கண்ணாடி செய்து கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது, காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று பாக்கியசீலி கெஞ்சினாள். செண்பகா யோசித்துப் பார்த்துவிட்டு, அது அவர் கண், அவருக்குத் தெரிந்தாக வேண்டும், நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

பாக்கியசீலி சொன்னாள். அண்ணாச்சி கத்துவார் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. கழற்றி வைத்த தானாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன மழைக்கு அவன் வண்டியிலிருந்து விழுந்து காலொடிஞ்சு கெடந்தானாம். கட்டோடதான் கடைக்கு வந்தானாம். நேத்துதான் பக்கத்துக் கடைக்காரன் சொன்னான், அண்ணன்காரன் ஒரு வார்த்தை கேக்கலயேன்னு. எதுத்தாப்புலதானே உக்காந்திருந்தேன். அவன் நொண்டினதுகூட எனக்குத் தெரியல." தானாடியை மடக்கி மேசையில் வைத்தார். "என்னிக்காவது என்னைப் பாத்துச் சிரிச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது என்ன?"

பாக்கியசீலி அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. நீ எனக்காகத்தான் செய்த, ஆனா இனிமே என் கண்ணுல கை வைக்காத என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்குச் சில நாள்களே இருந்தன. மதுரையில் இன்னும் பழைய முறையில் கண்ணாடி அரைத்துத் தருகிறவர்கள் இருந்தார்கள். எந்த மாதிரி வேண்டும் என்று செண்பகா அண்ணாச்சிக்கு விளக்கினாள். கோடே இல்லாமல் மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டு போகிற கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் ஓரத்தில் நெளியும், பழகச் சில வாரங்கள் ஆகும். நடுவில் கோடு போட்ட கண்ணாடி சீக்கிரம் பழகிவிடும். மேல்பாதியில் தெரு, கீழ்ப்பாதியில் வயர். படி இறங்கும்போது மட்டும் தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும். அவர் வேலைக்கு அதுதான் ஏற்றது, ஆனால் கோடு வெளியே தெரியும், பார்க்கிறவர்களுக்கு வயசும் தெரியும்.

"தெரியட்டும்," என்றார் அண்ணாச்சி.

ஆசீர் விஷயம்தான் சிக்கல். அண்ணன் வந்துபோகிற இந்த நிலையத்துப் பக்கமே அவன் வரமாட்டான். ஆனால் அவனுடைய கண் அளவு பழைய பதிவில் இருந்தது. வெறும் கிட்டப்பார்வைதான், தூரத்துக்கு ஒரு சாதாரணக் குழிவுக் கண்ணாடி போதும். கிட்டத்தில் வாசிக்க வேண்டுமானால் அதைக் கழற்றினாலே வாசித்துவிடுவான், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வயதான காலத்தில் கிடைக்கிற சின்ன லாபம் அது. கண்ணாடியை வாங்க வந்த ரோஸ்லினிடம் செண்பகா கறாராகச் சொன்னாள், அவனிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைக் கொடுக்க வேண்டும் என்று. ரோஸ்லின் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் செண்பகா தன் தானாடியையும் கழற்றினாள். பீரோவில் கிடந்த பழைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தனக்கு எது மறைந்திருக்கும் என்று கொஞ்சம் பயமாகவே இருந்தது. சமையலறையில் அது கிடைத்தது. பாத்திரம் கழுவுவது அவள் கணவன் பொறுப்பு, அதில் அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அவள் தோழிகளிடமெல்லாம் சொல்லியிருந்தாள். கவிழ்த்து வைத்த பாத்திரங்களில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் தானாடிதான் போட்டிருந்தான், பளபளவென்று இருக்கிறதே என்றான்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. அண்ணாச்சி கோடு போட்ட கண்ணாடியோடு, குனிந்து குனிந்து படியேறி வந்தார். நாற்காலி கிடையாது என்று சொன்ன இடத்துக்கு வருகிற கூச்சம் நடையில் தெரிந்தது. பாக்கியசீலி பின்னால் வந்தாள். வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்த ஆசீர் திரும்பினான். அவன் மூக்கில் புதுக் கண்ணாடி. ரோஸ்லின் விஷயத்தை அன்று காலையில்தான் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. கோபப்பட நேரம் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கூட்டத்தில் இருந்த செண்பகா எட்டிப் பார்த்தாள்.

"மீசையை எடுத்துட்டியால?" என்றார் அண்ணாச்சி.

ஆசீர் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "அது எடுத்து எம்புட்டு நாளாச்சு."

"நல்லாவே இல்ல."

"உனக்கு மட்டும் என்னவாம். தலையில ஒண்ணையும் காணோம்." ஆசீரின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னண்ணே இப்படி வயசாயிட்டு?"

அண்ணாச்சி பதில் சொல்லாமல் குனிந்து தம்பியின் காலைப் பார்த்தார். எந்தக் கால் என்று கேட்டார். ஆசீர் வலது காலைத் தூக்கிக் காட்டினான். பட்டு வேட்டியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, கோயில் வாசலில், கல்யாணப் பெண்ணின் அப்பா காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றதை வீடியோக்காரர் எடுத்தே விட்டார்.

சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பதில் தொடங்கி, மண்டபத்து வாசலில் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பது வரை இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். எஸ்தர் மட்டும் பெரியப்பா கத்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

செண்பகா நிரஞ்சனுக்கு மறுபடி போன் செய்தாள். அப்போது தோன்றாத பதில் இப்போது அவளிடம் இருந்தது. நாடி பொய் சொல்லாதுதான், ஆனால் அதற்கு நாளைக்கு என்ன வேண்டும் என்று தெரியாது, அதைச் சொல்ல வாய்தான் வேண்டும் என்றாள். அவன் அதைக் குறித்துக்கொண்டு, மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றான். அவள் மேலிடத்துக்குக் காத்திருக்கவில்லை. தன்னிடம் தானாடி வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் சொல்லி, இதம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் மட்டும், கடைசி பெஞ்சுக்கு அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து பாக்கியசீலியும் ரோஸ்லினும் சேர்ந்து வந்தார்கள். அண்ணனும் தம்பியும் தினமும் காலையில் தெரு நடுவில் நின்று டீ குடிக்கிறார்களாம், டீ தீரும் முன்னால் சண்டை தொடங்கிவிடுகிறதாம். மீசையை மறுபடி வைப்பதா வேண்டாமா என்பதுதான் இந்த வாரத்துச் சண்டை. டாக்டர் பார்த்ததில் அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் கூடவில்லை, என்ன அதிசயமோ. அவர்கள் கேட்க வந்தது வேறு. அந்த இதத்தைத் தங்கள் இருவர் கண்ணுக்கும் போட்டுத் தர முடியுமா?

"அவாளைப் பாக்காம இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி," என்றாள் பாக்கியசீலி.

செண்பகா சிரித்துவிட்டு, முதலில் கண்ணைப் பார்ப்போம் என்று உட்கார வைத்தாள். இருவருக்கும் தூரப் பார்வை நன்றாக இருந்தது. ஊசியில் நூல் கோர்க்கத்தான் சிரமம். வெள்ளெழுத்து தொடங்கியிருந்தது. வாசிக்கும் கண்ணாடி இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள். இது கிட்டத்துக்கு மட்டும்தான், போட்டுக்கொண்டு நிமிர்ந்து தூரத்தில் பார்த்தால் எல்லாம் கலங்கித் தெரியும், அதற்காகப் பயப்பட வேண்டாம், கழற்றினால் சரியாகிவிடும்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த இரண்டு ஸ்கூட்டர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணாச்சியும் ஆசீரும் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியசீலி கண்ணாடியை மாட்டினாள். தெரு கரைந்து இரண்டு வெள்ளைத் திட்டுகள் மட்டும் அசைந்தன. அவள் முகம் மலர்ந்தது. தனக்கு இதுவே போதும் என்றாள்.

ரோஸ்லினும் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தத் திட்டுகளைப் பார்த்திருந்தாள். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரோசு, கழத்திட்ட?"

"இல்லக்கா," என்றாள் ரோஸ்லின். "பெரியத்தான் இவ்வளவு சிரிக்காவளே, இவாள் என்ன சொன்னாவன்னு தெரியல."

பாக்கியசீலியும் கண்ணாடியைக் கழற்றினாள்.